ஆல்ட்-கன்ட்ரி செட்டிநாட்டு மண்ணில் ஒட்டுமா?

வாசகர் ஒருவர் எழுதியது:

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து இளைஞர்கள் ஆல்ட்-கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியும் ராக்கும் கலந்த வகை), ராக் என்று வரிசையாக ஆல்பம் வெளியிடுகிறார்கள். இந்த ஆண்டில் மூன்று கேட்டேன். வாசிப்பில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது அமெரிக்கக் கிராமத்துக்காரனின் இசை. சோளக்காட்டையும் நெடுஞ்சாலையையும் பார்த்து வளர்ந்தவன் பாடினால் பொருந்தும். கண்மாயையும் ஊருணியையும் பார்த்து வளர்ந்தவன் பாடினால் வேஷமாகத்தான் தெரிகிறது. இது நம் மண்ணில் ஒட்டாது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

ஜூன் 3, காலை

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நீங்கள் குறிப்பிடும் மூன்று ஆல்பங்களையும் நானும் கேட்டிருக்கிறேன்: காரைக்குடிக் கல்லூரி மாணவர்கள் ஐவர் வெளியிட்ட ராக் ஆல்பம், தேவகோட்டையில் நண்பர்கள் இருவர் கிட்டாரும் குரலுமாகச் செய்த ஆல்ட்-கன்ட்ரி ஆல்பம், திருப்பத்தூர்க் குழு ஒன்று உறுமியையும் டிஸ்டார்ஷன் கிட்டாரையும் (ஒலியைக் கரகரப்பாக்கிய மின்கிட்டார்) சேர்த்துச் செய்த ஆல்பம். பெயர்களை எழுதப்போவதில்லை. மூன்றும் இப்போதுதான் தலையெடுக்கும் குழுக்கள். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆல்ட்-கன்ட்ரி எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள பெல்வில் என்ற ஊரைச் சேர்ந்த அங்கிள் டுபெலோ குழுவினர் 1990இல் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு 'நோ டிப்ரஷன்' என்று பெயர். பங்க் ராக் கேட்டு வளர்ந்த பையன்கள், பழைய நாட்டுப்புறப் பாட்டின் துயரத்தை உரத்த கிட்டாரில் வாசித்தார்கள். இந்த இசைக்கென்று 1995இல் தொடங்கிய பத்திரிகையும் அதே பெயரை வைத்துக்கொண்டது. அந்தப் பெயர், கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பத்தினர் 1936இல் பதிவுசெய்த ஒரு பக்திப் பாட்டிலிருந்து வந்தது. 1929க்குப் பிறகு உலகத்தை உலுக்கிய பொருளாதார மந்தத்தில் நொந்துபோன மக்கள், அந்த மந்தம் எட்டிப் பார்க்காத மேலுலகத்தை நினைத்து ஆறுதல் தேடிய பாட்டு அது.

அதே மந்தம்தான் செட்டிநாட்டையும் கவிழ்த்தது. 1930இல் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவில் நகரத்தாரிடம் (செட்டிநாட்டுச் செட்டியார்களிடம்) கடன் வாங்கியிருந்த விவசாயிகளால் வட்டியைக்கூடக் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த வயல்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தன. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, 1938க்குள் 25 சதவீதமாக உயர்ந்தது. பார்ப்பவர்களுக்கு அது செல்வமாகத் தெரிந்திருக்கும். உண்மையில், ஊருக்குப் பணமாக வந்து சேர வேண்டியதெல்லாம் விற்கவும் முடியாத, தூக்கிக்கொண்டு வரவும் முடியாத நிலமாக அங்கேயே முடங்கிவிட்டது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் பல வீடுகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஒரே சரிவில் விழுந்த இரண்டு ஊர்களில் ஓர் ஊர்க்காரன் அதைப் பாட்டாக்கி, அவனுடைய பேரன் தலைமுறை அதை மின்கிட்டாரில் வாசித்தால் அது மண்ணின் இசை. மற்ற ஊர்க்காரனின் பேரன் அதே கிட்டாரை எடுத்தால் மட்டும் வேஷம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஜூன் 3, இரவு

கன்ட்ரி இசையில் வரும் ஸ்டீல் கிட்டாரின் (தந்தியின் மேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிக்கும் கிட்டார்) இழுப்புதான் காதுக்கு அந்நியமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த வாத்தியம் அமெரிக்கக் கிராமத்தில் பிறந்ததே இல்லை. ஹவாய்த் தீவுகளில் உருவாகி, அங்கிருந்து அமெரிக்காவுக்கும் நம் நாட்டுக்கும் வந்தது. டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் 1940களில் கல்கத்தாவில் குடும்பத்தோடு தங்கி வாசித்தார். நம் பழைய திரைப்பாடல்களிலும் ஹவாயன் கிட்டாரின் ஒலி தாராளமாக உண்டு. அதற்கும் முன்பே, வீணையில் உள்ளதுபோல் மெட்டுக்கட்டைகள் இல்லாத தண்டியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டு வாத்தியம் நம்மிடம் இருக்கிறது. சுவரத்திலிருந்து சுவரத்துக்கு வழுக்கிச் செல்லும் கமகத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு ஸ்டீல் கிட்டார் அந்நியமாக இருப்பதற்கு நியாயமே இல்லை. தேவகோட்டை நண்பர்களிடம் அந்த வாத்தியம் கிடையாது. சாதாரண கிட்டாரில் கண்ணாடிக் குழலை விரலில் மாட்டித்தான் வாசித்திருக்கிறார்கள். இரண்டாம் பாட்டில் மோகனத்தின் ஐந்து சுவரங்களுக்குள்ளேயே நின்று அவர்கள் இழைக்கும் இடத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அமெரிக்க மலைநாட்டுப் பாட்டுகளில் பலவும் இதே ஐந்து சுவரங்களில் நடப்பவை.

ஜூன் 5

வேஷம் என்ற குற்றச்சாட்டை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது முழுக்கத் தவறு என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்த உணர்வு எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் வேறோர் இடத்தில். எனக்கு நெருடுவது பாட்டின் சொற்கள்.

தேவகோட்டை ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. அவற்றில் ஐந்தில் நிலவு, பாலை, பயணம், தீராத சாலை, தொலைந்த நான் என்று வருகிறது. இந்தச் சொற்களை எந்த ஊரில் உட்கார்ந்தும் எழுதலாம். தேவகோட்டையில் யாரும் இப்படிப் பேசுவதில்லை, சென்னையிலும் பேசுவதில்லை. திரைப்பாட்டில் மட்டும் வாழும் ஒரு தமிழ் இது. இசையில் திரையை விட்டு இவ்வளவு தூரம் விலகி வந்தவர்கள், எழுதும்போது மட்டும் அதன் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

ஆனால் நான்காவது பாட்டைக் கேளுங்கள். பங்காளிகள் எல்லோரும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவல்காரர் பேசுகிறார். ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கு எல்லோரும் வருவார்கள் என்று வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, கழுவி விடுகிறார், விளக்குகளைப் புளி போட்டுத் துலக்கி வைக்கிறார், எந்த அறைச் சாவி எந்தப் பங்காளிக்கு உரியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஓர் ஆண்டு ஒரு சாவிக்கு உரியவர் வரவில்லை. அதற்கு மேல் பாட்டில் எதுவும் சொல்லப்படவில்லை. தனிமை, துயரம், காலம் என்ற சொற்களில் ஒன்றுகூட அதில் இல்லை. இருந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆல்ட்-கன்ட்ரியின் நல்ல பாட்டுகள் எல்லாம் இப்படித்தான் இயங்குகின்றன. ஓர் ஊர், ஒரு வேலை, ஒரு மனிதர், அவர் கையில் இருக்கும் ஒரு பொருள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

பாட்டு யாருடைய மொழியில் இருக்க வேண்டும் என்பதற்காக ஓர் இயக்கத்தையே நடத்திய மண் இது. கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று, கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடி, 1943இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் உருவானது. தமிழில் பாடினால் போதும் என்று அன்று கேட்டார்கள். தமிழில் பாடுகிறவர்கள் இன்னும் ஒரு படி இறங்கி, தங்கள் தெருத் தமிழில் பாட வேண்டும் என்று இன்று நான் கேட்கிறேன்.

மாதிரிக்கு எங்கே போவது என்று கல்லூரிக் குழுவின் பையன் ஒருவர் என்னிடம் முன்பு கேட்டார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நாடகப் பாட்டுப் புத்தகங்களும் கிராமபோன் பாட்டுப் புத்தகங்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், வீட்டில் ஆயா (பாட்டி) இருந்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாலாட்டைக் கேட்டு எழுதலாம். மாமன் எந்தச் சீமையிலிருந்து என்ன கொண்டுவந்தான் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தத் தாலாட்டுகளில், கப்பல், துறைமுகம், சரக்கு, பிரிவு என்று இந்த இசைக்கு வேண்டிய அத்தனையும் இருக்கிறது.

ஜூன் 6

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பூட்டிய மாளிகையையும் பர்மாக் கணக்கையும் மட்டும் செட்டிநாட்டின் கதையாக நான் வைத்துவிட்டால், இந்த ஊர்களில் வாழும் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கதையில் இடம் இருக்காது.

என் தாத்தா ரங்கூனில், நகரத்தாரின் தொழிலிடமும் தங்குமிடமுமான ஒரு கிட்டங்கியில் சமையல்காரராக இருந்தார். 1942இல் மற்றவர்களோடு நடந்தே ஊர் திரும்பினார். அவர் இழப்பதற்கு நிலம் எதுவும் இல்லை. வர வேண்டிய சம்பளப் பாக்கி மட்டும் இருந்தது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், சுவரை முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளிங்காகத் தேய்த்தவர்கள், ஆத்தங்குடியில் கண்ணாடியின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றித் தரைக்கல் வார்ப்பவர்கள், கண்மாய் நீரை நம்பி ஒரு போகம் பயிர் செய்பவர்கள், ஆகிய இவர்கள் பாட்டில் எங்கே இருக்கிறார்கள்? கடனுக்கு வயலை இழந்த பர்மிய விவசாயி எங்கே இருக்கிறான்? அவனும் அதே மந்தத்தில்தான் விழுந்தான்.

அமெரிக்காவிலும் இதே கேள்வி உண்டு. கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை நினைவில் வைத்திருந்து திரும்பி வந்து வாசித்துக் காட்டியவர் ரிடில். இசைத்தட்டுகளில் அவர் பெயர் வரவில்லை. கன்ட்ரி இசையின் அடையாளமாகச் சொல்லப்படும் பாஞ்சோவும் ஆப்பிரிக்க வழிவந்த வாத்தியம்தான். வெள்ளைக்காரக் கிராமத்தானின் இசை என்று நாம் ஒரே பெட்டியில் போட்டுவிடுவதற்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஆகவே நம் ஊர்க் குழுக்கள் அந்த இசையை எடுக்கும்போது அதன் மறதியையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது என்று விரும்புகிறேன். காவல்காரர் பாட்டு என்னை ஏன் அப்படித் தாக்கியது என்பது இப்போது இன்னும் தெளிவாகிறது. அது வீட்டுக்காரரின் பாட்டாக இருந்திருந்தால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்பேன்.

ஜூன் 9

ஒலிப்பதிவு பற்றிக் கேட்டவர்களுக்கு. கல்லூரிக் குழுவினர் தங்கள் ஆல்பத்தை ஸ்டூடியோவில் பதிவுசெய்யாமல், நண்பர் ஒருவரின் பழைய வீட்டில் பதிவுசெய்தார்கள். அதில் ஒரு நாள் நானும் உடனிருந்தேன். கோவில் திருவிழாக்களில் இன்னிசைக் குழுவோடு பல காலம் கிட்டார் வாசித்தவன் என்பதால், ஆம்ப்ளிபையரை எங்கே வைப்பது என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் டிரம்ஸ் வைப்பது எளிய காரியம் இல்லை. சுவர் கண்ணாடிபோல் வழவழப்பு, தரை ஆத்தங்குடிக் கல், கூரை உயரம். ஒரு தட்டுத் தட்டினால் ஒலி நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. ஸ்னேரின் (டிரம்ஸில் சுள்ளென்று ஒலிக்கும் முரசு) ஒவ்வோர் அடியும் அடுத்த அடியின் மேல் விழுந்து மொத்தமும் குழைந்துபோனது. பட்டாலை என்ற முன்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு முகப்பில். கடைசியில் வளவின் ஓரத்தில், மேலே வானம் திறந்திருக்கும் இடத்துக்கு அருகில் வைத்தபோதுதான் ஒலி கொஞ்சம் அடங்கியது. மேலே போன ஒலி திரும்பி வரவில்லை. சுற்றிலும் கொடி கட்டி ஜமுக்காளங்களைத் தொங்கவிட்டார்கள். பின்புறச் சுவரோரம் பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வைத்தார்கள். பாடகரை இரண்டாம் கட்டின் தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். அங்கே எதிரொலி குறைவு. குரலுக்குப் பின்னால் வீட்டின் ஆழம் மட்டும் லேசாகத் தெரியும்.

அந்த ஆழத்தைத்தான் இந்த ஆல்பத்தில் நான் பெரிதாக மதிக்கிறேன். பாட்டுகள் எல்லாம் தரமானவை என்று சொல்ல மாட்டேன். முதல் மூன்றில் சென்னைக் குழுக்களின் சாயல் வெளிப்படையாகவே இருக்கிறது. ஸ்க்ராட் குழுவின் இறுக்கமான கிட்டார் வாசிப்பைக் கேட்டவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். ஆனால் ஐந்தாவது பாட்டில் டிரம்ஸ் நின்று, குரலும் ஒற்றைக் கிட்டாரும் மட்டும் வரும் இடத்தில், மரத்தூண்களுக்கு இடையே ஒலி நடந்துபோவது கேட்கிறது. கணினியில் எதிரொலியைச் சேர்த்து இதைச் செய்ய முடியாது என்று நான் சொல்லவில்லை, செய்யலாம். இந்த வீட்டின் எதிரொலியை மட்டும் செய்ய முடியாது.

கன்ட்ரி இசையின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் 1927ஆம் ஆண்டுப் பதிவுகள் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரத்தில், ஒரு தொப்பி நிறுவனத்தின் கட்டடத்தில் நடந்தவை. கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலில் இசைத்தட்டுக்குப் பாடியது அங்கேதான். நம் பக்கத்தில், ஏ. வி. மெய்யப்பன் 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். அதற்கும் முன்பு அவருடைய குடும்பம் காரைக்குடியில் வைத்திருந்த கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றன. பிறகு அவர் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை வெளியிட்டார். ஒலிப்பதிவுக்குச் சென்னைக்குப் போனால்தான் உண்டு என்று இன்றைய பையன்கள் நினைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

ஜூன் 10

மெத்தைக்குப் பதில் தெர்மாகோல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: பயன் இல்லை. எடையும் அடர்த்தியும் உள்ள துணிதான் ஒலியை உள்வாங்கும். வீட்டிலுள்ள புறாக்களின் சத்தத்துக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: வழி கிடையாது; மதியம் பதிவுசெய்யுங்கள், அப்போது சற்று ஓய்ந்திருக்கும்.

ஜூன் 14

ஆல்பம் எதற்கு, ஒவ்வொரு பாட்டாக வெளியிட்டால் போதாதா என்று புதிதாக ஒருவர் கேட்டிருக்கிறார். இது என்னை மிகவும் ஈர்க்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பாட்டுகளின் வரிசையும் ஒரு படைப்புத்தான். இதைக் காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அரியக்குடியில் 1890இல் பிறந்த ராமானுஜ ஐயங்கார்தான், இன்று நாம் கேட்கும் கர்நாடக இசைக் கச்சேரியின் வரிசையை அமைத்துக் கொடுத்தவர். தொடக்கத்தில் ஒரு வர்ணம், பிறகு விறுவிறுப்பாகச் சில கீர்த்தனைகள், நடுவில் விரிவான உருப்படியும் தனி ஆவர்த்தனமும், பின்னர் ராகம் தானம் பல்லவி, கடைசியில் மனத்தை இளக்கும் சிறிய உருப்படிகள். அவருக்கு முன்னால் ஒரு ராகத்தையும் பல்லவியையுமே மணிக்கணக்கில் விரிப்பது பெரிதாகக் கருதப்பட்டது. அவர் சபையின் மூச்சைக் கவனித்தார். எப்போது உட்காரவைப்பது, எப்போது நிமிர்த்துவது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று கணக்குப் போட்டார். அந்த வரிசை இன்றுவரை நிற்கிறது.

இந்தக் காதோடு மூன்று ஆல்பங்களையும் கேட்டால், வரிசையைப் பற்றி உண்மையாக யோசித்தது திருப்பத்தூர்க் குழு மட்டுமே என்று தெரிகிறது. முதல் பாட்டு இரண்டரை நிமிடத்துக்குள் முடிகிறது; உறுமியின் இழுப்பில் தொடங்கிக் கிட்டாருக்குக் கைமாறுகிறது. நடுவில் வரும் நீண்ட பாட்டில் தாளவாத்தியங்கள் மட்டும் தனியே பேசும் பகுதி இருக்கிறது. தனி ஆவர்த்தனம் என்றே சொல்லலாம். கடைசிப் பாட்டு மெல்லிய கும்மி. தேவகோட்டை நண்பர்களோ, பிடித்த பாட்டுகளை எல்லாம் முன்னால் வைத்துவிட்டார்கள். காவல்காரர் பாட்டு நான்காவதாக வந்து போய்விட்டால் பிறகு கேட்பவனுக்கு என்ன மிச்சம்? அதை ஆறாவதாக வைத்து, அதற்கு முன்னால் அதே ஆல்பத்தில் சொற்களே இல்லாமல் வரும் சிறிய கிட்டார் உருப்படியை வைத்திருந்தால், ஐந்து நிலவுப் பாட்டுகளில் இரண்டையாவது நான் மன்னித்திருப்பேன்.

பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம்தான் கொள்ளும். அந்தக் காலத்தில் ஒற்றைப் பாட்டு என்பது கருவியின் கட்டாயம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அந்தத் தட்டுகள் இன்றும் அடுக்கிக் கிடக்கின்றன. நமக்கு அந்தக் கட்டாயம் போய்விட்டது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு பேச இடம் கிடைத்திருக்கும்போது, நாமாகவே மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிக்கொள்வது வருத்தம் தருகிறது.

ஜூன் 18

மேடை. இதுதான் உண்மையான தடை. இசைவகையும் மண்ணும் இதற்கு அடுத்தவைதான்.

இந்தப் பக்கத்தில் நேரடி இசைக்கு மேடை என்றால் திருவிழா மேடை. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழாவும், பிறகு சுற்றுவட்டார ஊர்களின் செவ்வாய்த் திருவிழாக்களும் வரும்போது, ஒலிபெருக்கி, விளக்கு, பந்தல், கூட்டம் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் அங்கே வேண்டப்படுவது திரைப்பாட்டு. நான் வாசித்த காலத்தில் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் சொந்தமாக மெட்டுப் போட்டு வைத்திருந்த ஒரு பாட்டை ஒரு கிராமத்து மேடையில் பாடினோம். இரண்டாவது சரணம் முடிவதற்குள் கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஓரத்துக்கு வந்து, கூட்டம் கலைகிறது, தெரிந்த பாட்டைப் போடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாக வரி வசூலித்து எங்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு கீபோர்டுக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவரிடம் இன்னும் எத்தனை பாட்டு இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

திருப்பத்தூர்க் குழு இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது. திருவிழாவுக்கு அவர்கள் இன்னிசைக் குழுவாகவே போகிறார்கள். திரைப்பாட்டுகளுக்கு நடுவில் உறுமியும் தவிலும் தனியே வாசிக்கும் இடம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்குள் தங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை நுழைக்கிறார்கள். உறுமி ஒலித்தால் கூட்டம் கலையாது, நெருங்கி வரும். அந்த நெருக்கத்துக்குள் புதிய சொற்களைப் பாடிவிடுகிறார்கள். சென்ற பங்குனியில் ஒரு ஊரில் பார்த்தேன். சின்னப் பையன்கள் இரண்டாம் முறை பல்லவி வரும்போதே கூடப் பாடினார்கள்.

தேவகோட்டை நண்பர்களின் மெல்லிய இசைக்கு இந்த வழி உதவாது. அவர்களுக்கு ஐம்பது பேர் உட்காரும் இடம்தான் வேண்டும். வளவு அதற்கென்றே அமைந்த இடம். விடுதிகளாக மாறிய பழைய வீடுகள் சில, வெளிநாட்டு விருந்தினருக்காக இசை நிகழ்ச்சிகள் வைக்கின்றன. உள்ளூர்க்காரர்களுக்கும் அந்தக் கதவு திறக்குமானால் நல்லது.

ஜூன் 25

திருப்பத்தூர் ஆல்பத்தை நல்ல ஒலிபெருக்கியில் மறுபடியும் முழுதாகக் கேட்டேன். இதுவரை அதைப் பற்றி வரிசை, மேடை என்று ஓரங்களிலேயே பேசிக்கொண்டிருந்தேன், இசைக்குள் போகவில்லை.

உறுமியின் வலப்பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். இடப்பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அந்த உறுமல் வருகிறது. அந்த உறுமலும் டிஸ்டார்ஷன் கிட்டாரின் கீழ்ச்சுவரமும் ஒலித்தளத்தில் ஒரே இடத்தைக் கேட்கின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் சேறாகிவிடும். இவர்கள் பேஸ் கிட்டாரைப் பல இடங்களில் முழுவதுமாக நிறுத்திவிட்டு, அந்த இடத்தை உறுமிக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிட்டார் மேல் தளத்துக்கு ஏறிக்கொள்கிறது. எந்த வாத்தியத்துக்கு எங்கே இடம் என்று முடிவுசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நாட்டுப்புற வாத்தியத்தைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய்போல் வைக்கும் பழக்கம் இதில் இல்லை.

இதற்கு ஒரு முன்வழி உண்டு. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேரோடு மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, பறையையும் சட்டி என்ற தாளக் கருவியையும் கிட்டாருக்குச் சமமாக நிறுத்தியது. சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் வழியில் சாதியற்றவர்கள் என்று தன்னை அழைத்துக்கொண்ட குழு அது; அதன் இசையில் வாத்தியச் சமத்துவமும் மனிதச் சமத்துவமும் ஒன்றாகவே வந்தன. திருப்பத்தூர்க் குழுவினரும் அந்த மேடையைப் பார்த்துத்தான் தொடங்கினார்களாம். ஜூன் 6ஆம் தேதி நான் எழுப்பிய கேள்விக்கு அவர்களின் ஆறாம் பாட்டு நேராகவே முகங்கொடுக்கிறது. கண்மாய் மடையைத் திறப்பவர் பாடும் பாட்டு. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் போகிறது, யார் வயல் கடைசி வரை காத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறது. சாதிப் பெயர் ஒன்றுகூட அதில் வரவில்லை. கேட்கிற எல்லோருக்கும் புரியும்.

ராக் என்று அவர்கள் தங்கள் இசையை அழைத்துக்கொண்டாலும், இந்த ஒரு பாட்டை நான் ஆல்ட்-கன்ட்ரி என்றே வகைப்படுத்துவேன். ஸ்டீல் கிட்டாரும் இல்லை, பாஞ்சோவும் இல்லை. ஊர், வேலை, மனிதர், அவர் கையில் ஒரு மடைப்பலகை எல்லாம் இருக்கின்றன.

ஜூன் 30

முதலில் எதைக் கேட்பது என்று கேட்டவருக்கு: திருப்பத்தூர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். தேவகோட்டையில் இரண்டாவதும் நான்காவதும். கல்லூரிக் குழுவில் ஐந்தாவது, அதுவும் காதுக்கருவி மாட்டிக்கொண்டு.

தேவகோட்டை நண்பர்களில் ஒருவர் நேற்று என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் இங்கே எழுதியவற்றை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். நிலவுப் பாட்டுகள் அவர் எழுதியவை, காவல்காரர் பாட்டு மற்றவர் எழுதியது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வருத்தம் இருந்தது; மறைக்கவும் இல்லை. காவல்காரர் உண்மையான மனிதர், நண்பரின் சித்தப்பா, அதனால் அந்தப் பாட்டு தானாக வந்துவிட்டது, தன்னிடம் அப்படி யாரும் இல்லையே என்றார். உங்கள் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டேன். தேவகோட்டை ரஸ்தா ரயில் நிலையத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறாராம். இராமேசுவரம் போகும் வண்டிக்காக விடியுமுன்பே அடுப்பைப் பற்றவைப்பாராம். அந்தத் தடத்தில்தான் இலங்கைக்குக் கப்பலேறப் போனவர்களைச் சுமந்துகொண்டு போட் மெயில் ஓடியது. கன்ட்ரி இசையில் ஸ்னேரைத் தூரிகையால் இடைவிடாமல் தேய்த்து வாசிக்கும் ரயில் தாளம் என்று ஒன்று இருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அவர்களின் ஆல்பத்திலேயே இரண்டு பாட்டில் அது வருகிறது. ஆனால் அந்த இரண்டு பாட்டிலும் ரயில் எந்த ஊரிலும் நிற்கவில்லை.

அடுத்த ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசிக்க ஆள் வேண்டும் என்றார். கல்லூரிக் குழுவின் டிரம்மர் கோடை விடுமுறைக்குப் பிறகு ஊருக்குத் திரும்பிவிட்டார், இருவரையும் பேசவைத்திருக்கிறேன். வீட்டைக் கொடுத்த நண்பரும் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த பிறகு வளவைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜமுக்காளங்கள் என்னிடமே இருக்கின்றன.